சுண்டுவிரலுக்கு ஒரு சாட்சி

ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் விறகு பிளக்கும்போது கோடாலி நழுவி, சோலைமலையின் கால் சுண்டுவிரலைப் பதம் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் ஐயோ அம்மா என்றிருப்பான். சோலைமலை யோசனையில் இறங்கினான்.

தோட்டத்து ஆஸ்பத்திரிச் சட்டம் அப்படி. வேலைக்காட்டில் பட்ட காயத்துக்குக் கட்டு இனாம்; ஆறும்வரை அரைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம். வீட்டில் பட்டதென்றால் கட்டு ஒன்றுக்கு ரெண்டு ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள், லீவும் கிடையாது.

"நாளைக்கு மலையில தண்ணி ஓடுற கான் வெட்டுறப்ப மம்பட்டி பட்டுருச்சுன்னு சொல்லிடுறேன் புள்ள. ஒரு வாரம் கொட்டகலைக் கடைப்பக்கம் கேரம் ஆடலாம்" என்றான் பெண்சாதி ராக்காயியிடம்.

"பாத்த சாட்சி வேணுமேங்க?"

"நீ எதுக்கு இருக்க? நாளைக்கு நீ கொழுந்தெடுக்கிறதும் அதே மலைதானே."

"சரிங்க. கட்டுன புருசனுக்கு இதுகூடச் செய்ய மாட்டனா?"

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே மனுசன் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோசம் கண்ணை மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை கானுக்குள் உட்கார்ந்து, சுற்றியிருந்த துணியைப் பிய்த்தான். ரத்தம் வந்தது. ஊரைக் கூட்டினான். டிஸ்பென்சர் இக்னேசியஸ் கட்டுப் போட்டு, பெரிய புத்தகத்தில் எழுத, ராக்காயி கைநாட்டு வைத்தாள். வைத்துவிட்டுக் கேட்டாள்:

"டாக்டரய்யா, இவரு கடைப்பக்கம் நடக்கலாமுங்களா?"

"கூடாது. எவனாவது பாத்துச் சொன்னா அரைச் சம்பளம் வெட்டு."

"அடுப்படியில உக்காந்து சோறாக்கலாமுங்களா?"

"தாராளமா."

கேரம் அங்கேயே போச்சு. மறுநாளிலிருந்து சோலைமலை அரிசியில் கல் பொறுக்கினான், ரொட்டி தட்டினான், ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தான். மலையிலிருந்து வரும் ராக்காயி காலை நீட்டி உட்கார்ந்து, "கறியில உப்புப் பத்தலங்க" என்பாள். பக்கத்துக் காம்பரா மீனம்மா இதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, தன் புருசனுக்கும் சின்னதாக ஒரு காயம் பட வேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

எட்டாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. புண்ணும் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றான்.

"ஆறிடுச்சுங்கய்யா. நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு குடுத்து வேலைக்குப் போறேன்."

"போலாம். ஆனா பட்டதைப் பாத்த அதே சாட்சிதான் ஆறுனதுக்கும் கைநாட்டு வைக்கணும். சட்டம்."

வேலை விட்டதும் ராக்காயி கூடையோடு வந்தாள். குனிந்து, விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"மேலதான் காஞ்சிருக்குங்கய்யா. உள்ளுக்கு ஆறல. இன்னும் ரெண்டு வாரமாச்சும் ஆகும்."

"ஏ புள்ள, என் விரலு எனக்குத் தெரியாதா?"

ராக்காயி டிஸ்பென்சர் பக்கம் திரும்பினாள். "அந்த ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுன்னாங்கய்யா..."

"வலிக்குதுங்கய்யா" என்றான் சோலைமலை. "ரெண்டு வாரம் பத்தாது போல இருக்கு."