சின்னப்பன்கொட்டாய் பல்லைக் காட்டிய கதை

காரிமங்கலத்துக்குத் தெற்கே உள்ள சின்னப்பன்கொட்டாயில் ஜனங்களின் பல்லெல்லாம் காவி படிந்திருப்பதற்குக் காரணம் அவர்கள் ஒழுங்காகப் பல் துலக்காததே என்று, 1986-ஆம் ஆண்டு பல் நலத் தனிப்பிரிவு தீர ஆராய்ந்து முடிவுசெய்தது. வீட்டுக்கு ஒரு பொட்டலம் பல்பொடி வழங்கப்பட்டது. துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்க, பல்லைக் கெடுத்த அதே அடிபம்புத் தண்ணீர்தான் இருந்தது.

அந்தத் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதிலிருந்து மரியசூசைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூத்தவள் வேளாங்கண்ணியை மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, அவள் வாய் திறந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்னவள் ராயம்மாளுக்கு இப்போதுதான் பால்பல் விழுந்திருக்கிறது. புதுப்பல் முளைப்பதற்குள் நல்ல தண்ணீர் வந்தால் அவளாவது தப்புவாள். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனு எழுதினார்.

'பாதிப்பை நேரில் கண்டறியும் பொருட்டு' தனி அலுவலர் குப்புராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். அதிகாரி முன்னால் நிற்கிற முறைப்படி ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையால் பொத்திக்கொண்டார்கள். அலுவலர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'கறைபடிந்த பல் ஏதும் பார்வைக்குக் கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

"மரியாதை குடுத்தே நாசமாப் போனோம்," என்றார் மரியசூசை. "மறுக்கா வந்தா ஒருத்தரும் கையத் தூக்கக் கூடாது. கடவாப்பல்லு தெரியறாப்பல காட்டணும்."

"வெக்கமா இருக்குதுங்கண்ணா," என்றாள் பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள்.

"வெக்கத்த ஒருநாளு வூட்டுல வெச்சுப் பூட்டிட்டு வாம்மா."

இன்னும் மூன்று மனுவுக்குப் பிறகு குப்புராஜ் மறுபடி வந்தார், போட்டோகிராபரோடு. ஊரே வரிசையாக நின்று காது வரைக்கும் வாயை இழுத்துக் காட்டியது. அலுவலர் நெகிழ்ந்துபோனார். இருபது வருஷ சர்வீஸில் எந்த ஊரும் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

"உங்களுக்கு என்னங்க குறை?"

"பல்லுதானுங்க சார். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன், பாத்துட்டேன். இந்த முகமலர்ச்சி ஒண்ணு போதும்."

'பொதுமக்கள் மட்டற்ற மகிழ்ச்சியில் திளைப்பதால் குழாய் அவசியமில்லை' என்று கோப்பு முடிக்கப்பட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வேறொரு ஊருக்குக் குழாய் போனது.

எட்டு மாதம் கழித்து, ரெண்டில் ஒன்று கேட்டுவிடுவதென்று மரியசூசை ஆபீசுக்கே போனார். குப்புராஜ் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் கறுப்பு வெள்ளைப் படம். அடியில், 'சிரிக்கும் சிற்றூர் - முதல் பரிசு'.

"நீங்களே சொல்லுங்க. இதுல எந்தப் பல்லுல காவி இருக்குது?"

மரியசூசை கிட்டே போய்ப் பார்த்தார். ஸ்டூடியோவில் ஒவ்வொரு பல்லுக்கும் டச்சப் செய்திருந்தார்கள். பல்லே இல்லாத ராயம்மாளுக்கும் ரெண்டு முன்பல் வரைந்திருந்தார்கள். முன்வரிசையில் வேளாங்கண்ணி. கறையில்லாத சிரிப்போடு மகளை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சண்டைக்கு வந்தவர் துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுல ஒரு காப்பி கெடைக்குங்களா சார்? மாப்ள வூட்டுக்கு அனுப்பறதுக்கு."

"அதுக்கென்ன, ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினார். எழுதி முடித்து, கொஞ்சம் யோசித்து, 'ஒன்று' என்பதை அடித்து 'இரண்டு' ஆக்கினார். சின்னவளுக்கும் பல் முளைத்துவிட்டிருந்தது.