ஊஞ்சல் சொன்ன தீர்ப்பு

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் வேன்காரர்களுக்கு மூன்றே இடம்: அருவி, பரோட்டா கடை, மேட்டுப் பங்களா. வடகரைக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த நூற்றைம்பது வருஷத்து ஜமீன் வீட்டின் தேக்குத் தூண்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எப்போதோ செத்துப்போன ஜமீன் நாச்சியாரைப் பார்க்கத்தான் அத்தனை வரிசையும். கூடத்தில் ஒரு பிரம்பு ஊஞ்சல், அதன்மேல் முந்தானை தரையைத் தொடும்படி விரித்த பட்டுச்சேலை. கேள்வி கேட்டால் நாச்சியார் பதில் சொல்வார். ஊஞ்சல் ஆடினால் சம்மதம், நின்றால் தோஷம்.

நாச்சியாரின் ஏஜெண்ட் தளவாய் சாமி. போன சீசன்வரை அருவிக்கரையில் முதுகுகளுக்கு எண்ணெய் தேய்த்தவர், இந்த சீசனில் தலைகளில் மிளகாய் அரைக்கிறார்.

சுரண்டை பேராச்சிக்கு நாச்சியார் ஏற்கெனவே இரண்டு வெள்ளிக்கிழமை கைவிரித்துவிட்டார். மகள் உமா மகேஸ்வரிக்கும் போலீஸ்கார இசக்கிதுரைக்கும் பேசி, இருவருக்கும் பிடித்தும் போய், எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஊஞ்சல் அசையமாட்டேன் என்றது. பேராச்சி பட்டினி கிடந்து, தளவாயிடம் காசு கட்டிப் பரிகாரம் செய்தாள். மாப்பிள்ளை வீட்டாரோ, "ஆடி பொறக்கதுக்குள்ள பதில் சொல்லுங்க, இல்லன்னா வேற எடம் பாக்கோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆடிக்கு இன்னும் இரண்டே நாள்.

 உமாவுக்கு வேலை காற்றாலையில். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளின் கல்யாணத்தை ஒரு காலி ஊஞ்சல் நிறுத்துவதா?

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவளும் அம்மாவோடு மேட்டுப் பங்களாவுக்கு வந்தாள். வெளியே மலைக்காற்றில் ஜனங்கள் வேட்டியையும் சேலையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு சேலை அசைந்ததும் அதே கைகளைத் தூக்கிக் கும்பிட்டார்கள்.

உமா ஊதுபத்திப் புகையைக் கவனித்தாள். தளவாய் ஒரு தடவை மணி அடித்தால் முதலில் புகை வாசல் பக்கம் சாய்கிறது, பிறகு ஊஞ்சல் ஆடுகிறது. இரண்டு தடவை அடித்தால் இரண்டும் அசைவதில்லை. நாச்சியார் கணக்கில் புலிதான்!

"எம்மா, நீ வரிசையில நில்லு. பாத்ரூம் போயிட்டு வாரேன்."

பின்கட்டில் மலையைப் பார்த்த கதவு. ஒரு கை தாழ்ப்பாளிலும் மறு கை போனிலுமாக உட்கார்ந்திருந்தான் தளவாயின் மச்சினன் சொரிமுத்து.

"அண்ணாச்சி, வேன்காரங்க பரோட்டா கொண்டாந்திருக்காங்க. உங்களக் கூப்புடுதாங்க."

"சால்னா இருக்கா?"

"ரெண்டு வகை."

ஆள் பறந்துவிட்டான். தாழ்ப்பாள் உமாவின் கைக்கு வந்தது.

கூடத்தில் பேராச்சியின் முறை. "தாயே, இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத் தளவாய் இரண்டு மணி அடித்தார். உமா கதவை அகலத் திறந்தாள். ஊஞ்சல் துள்ளியது. தளவாய் பதறிப்போய் மறுபடி இரண்டு மணி அடித்தார். இன்னும் துள்ளியது. அடுத்து நின்ற சங்கரன்கோவில் அம்மாளுக்கு ஒரு மணி அடித்தார். உமா கதவைச் சாத்தினாள். ஊஞ்சல் அடங்கிப்போனது.

பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "தாயே, தளவாய் சாமி புளுகுதாரா?"

கதவு திறந்தது. ஊஞ்சல் எகிறிய வேகத்தில் பட்டுச்சேலை பறந்து சாமியின் முகத்தை மூடியது.

"நாச்சியாரே சொல்லிட்டா, இவன் களவாணிப்பய!" என்று கூட்டம் பாய்ந்தது. அதற்கும் ஊஞ்சலின் உத்தரவு வேண்டியிருக்கிறது பாருங்கள்!

உமா ஓடிவந்து மறித்தாள். "நாச்சியாரு இல்ல, கதவு! எம்மா, இங்கன வா. நீயே தொறந்து பாரு."

பேராச்சி திறந்தாள், ஆடியது. சாத்தினாள், நின்றது. நாலு தடவை பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, ரெண்டு வெள்ளிக்கெழம பட்டினி கெடந்தது இந்தத் தாழ்ப்பாளுக்கா?"

அந்த இடத்திலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டாள். "சம்மந்தி, எங்களுக்குப் பூரண சம்மதம். என்னது, ஊஞ்சலா? ஆடிச்சு, நாந்தான் ஆட்டுனேன்!"

தளவாய் நழுவப் பார்த்தார். வாசலில், பரோட்டா கிடைக்காத சொரிமுத்து எதிரே வந்து முட்டினான். இருவரையும் கூட்டம் பிடித்துக்கொண்டது.

எல்லாம் முடிந்ததென்று உமா மூச்சு விட்டபோது சங்கரன்கோவில் அம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"கதவ யாரு தொறந்தா என்ன தாயி? எனக்கும் ஒண்ணு கேட்டுச் சொல்லேன்."

உமா கும்பிட்டாள். "இந்தக் கதவ விடுங்க ஆச்சி. உங்க மண்டையில ஒண்ணு ரொம்ப நாளா சாத்திக் கெடக்கு. மொதல்ல அதத் தொறங்க, கொஞ்சம் காத்து வரட்டும்."