பர்சன்ட் அண்ணனின் பெட்டி

கோயமுத்தூர் ஜில்லாவில் மின்சாரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் இன்னொரு மனிதரைக் காட்டினால், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். எங்கள் வடவள்ளி அபார்ட்மென்ட்டுக்குப் புல் வெட்ட வரும் பர்சன்ட் அண்ணனைத்தான் சொல்கிறேன்.

தொண்டாமுத்தூரிலிருந்து மொபெட்டில் வருவார். பின் சீட்டில் தலையணை போட்டு, அதன்மேல் சூட்கேஸ் அளவுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. புல்வெட்டும் மிஷின் அதில்தான் ஓடும். எங்கள் பிளக் பாயின்ட்டைத் தொடவே மாட்டார். "கண்ட கரண்ட்டும் மிஷினுக்கு ஒத்துக்காதுங்க" என்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மிஷினை நிறுத்தி, பெட்டியை நிழலில் வைத்துத் துண்டால் விசிறுவார். அதில் தெரியும் சார்ஜ் எண்தான் அவருக்கு உலகம். "சாப்டாச்சுங்களாண்ணா?" என்றால், "அறுவது பர்சன்ட் ஆச்சுங்க" என்பார். ஒருநாள் என் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் கேட்டேன். "புல்லுக்குன்னு கொண்டாந்ததுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

இந்த நிதானம் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. பெட்ரோல் மிஷின்காரர் அரை மணியில் முடிப்பாராம். செயலாளர் என்ற பாவத்துக்கு நான்தான் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, புதன்கெழமை மத்தியானத்துக்குள்ள முழுசா முடிச்சுப்போடுங்க. இல்லீன்னா வேற ஆளு வெக்கச் சொல்றாங்க."

"முடிச்சுப்போடலாங்க" என்றார். முகம் வாடிவிட்டது. அவருக்கு நிலையாக இருந்த வேலை எங்களுடையது ஒன்றுதான்.

புதன்கிழமை பார்த்து, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். அண்ணனுக்கென்ன, பெட்டி இருக்கிறதே! பாதிப் புல்வெளி முடித்துவிட்டார். அப்போது கீழ்வீட்டு டீச்சரம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நெபுலைசருக்குக் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் கையை விரித்துவிட்டது. அவர் கணவர் வாசலில் நின்று பதறினார்.

நான் என்ன ஏது என்று கேட்பதற்குள், அண்ணன் புல்மிஷின் ஒயரைப் பிடுங்கிப்போட்டுப் பெட்டியோடு உள்ளே ஓடினார். "பயப்படாதீங்க அம்மணி. இதுல சொருகுங்க."

கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. நான் அண்ணனிடம் ஓடினேன்.

"பெட்டியை எடுத்துட்டு வாங்கண்ணா, புல்லை முடிங்க. மணியாச்சு."

"மறுக்கா இரைப்பு வந்தா என்னங்க பண்றது? கரண்ட் வரட்டுமுங்க."

சாயங்காலம் நாலு மணி வரை அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பாதி மழித்த தலையாகக் கிடந்த புல்வெளியைப் பார்க்கச் சங்கத்தார் இறங்கி வந்தார்கள். "ஏனுங்க, வேற ஆளை வரச் சொல்லியாச்சுங்களா?" என்றார் தலைவர்.

"ஆளை மாத்தறதுன்னா மொதல்ல செயலாளரை மாத்துங்க!"

அப்படிக் கத்தியது நானேதான். அந்த மனுஷன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.