நான் கட்டிய சோதனைச் சாவடி

நாளுக்கு நாலு தடவை சோதிக்கப்படுகிறவன் கையில் ஒரு சாவடியைக் கொடுத்துப் பாருங்கள். அவனைப் போலக் கொடியவன் கிடையாது. (அனுபவம்தான். வேறென்ன?)

யுத்தம் முற்றிக்கொண்டிருந்த வருடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணினிக்காரனாக இருந்தேன். வாவிக்கரையில் ஆமிக்காரர் மறிப்பார்கள், சந்தையடியில் பொலிஸார் மறிப்பார்கள். அடையாள அட்டையை நீட்டி நீட்டி என் வலது கை ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது. அந்தக் கையால்தான் ஒருநாள் காலை, மாணவர் பதிவுகளை உலாவியிலேயே திறந்து பார்க்கும் கருவியை எங்கள் லினக்ஸ் சேர்வரில் நிறுவினேன். நிறுவியதோடு விட்டேனா? ஒரேயொரு கணினி இலக்கத்துக்கு மட்டும் அனுமதி என்று எழுதினேன். என் கணினியின் இலக்கம். மற்ற எல்லோருக்கும் மறுப்பு. ஆகா, மறுப்பதில்தான் எத்தனை குளிர்ச்சி!

"எனக்குமா தொறக்காது?" என்றாள் பதிவு எழுதும் சரோஜா. மலையகத்து ஹேவாஹெட்டக்காரி.

"ஒருத்தருக்கும் திறக்காது. பாதுகாப்பு எண்டா அப்பிடித்தான்."

"ஆமிக்காரங்க தோத்தாங்க உங்ககிட்ட."

பிற்பகல் மின்சாரம் போய் வந்தது. பின்னாலேயே கலஹாவிலிருந்து ஓர் அம்மாவும் வந்தார். எங்கள் மாணவன் சிவாவின் தாய். சேலையில் மழை சொட்டியது.

"சிவாவப் பொலிஸ்ல புடிச்சிட்டாங்க தம்பி. கார்ட வீட்டுல வச்சிட்டுப் போயிட்டான். இங்க படிக்கிற புள்ளைன்னு பதிவு நம்பரோட அஞ்சு மணிக்குள்ள கடுதாசி குடுத்தா விட்டுருவாங்களாம். இல்லாட்டி கொழும்புக்கு அனுப்பிருவாங்களாம்."

மணி மூன்றரை.

"ஒரு நிமிசம் அம்மா, இந்தா எடுத்துத் தாறன்."

கருவியைத் தட்டினேன். 'அனுமதி மறுக்கப்பட்டது.' மறுபடி தட்டினேன். மறுபடி மறுப்பு. கணினிகளுக்கு இலக்கம் பங்கிடும் குட்டிப் பெட்டி, மின்சாரம் போனதில் பழையதையெல்லாம் மறந்து, புதிதாகப் பங்கிட்டிருந்தது. என் சாவடியில் நானே சந்தேக நபர்!

சேர்வரின் முன்னால் உட்கார்ந்தால் மாற்றிவிடலாம். சேர்வரோ, நிலையத்துப் பணிப்பாளரின் பூட்டிய அறையில். திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில். காற்சட்டை தெல்தெனியவில், ஒரு கலியாண வீட்டில். கைத்தொலைபேசியோ அணைந்து கிடந்தது.

நாலு மணி. சரோஜாவின் கொண்டை ஊசியைப் பூட்டுக்குள் விட்டு முறித்தேன். கதவைத் தோளால் இடித்தேன். கதவு அசையவில்லை, தோள் அசைந்தது. அந்த அம்மா மணிக்கூட்டையே பார்த்திருந்தார். முள் நகரும்போதெல்லாம் அவர் இமையும் நகர்ந்தது.

"என்னதாங்க ஆச்சு? சொல்லுங்க" என்றாள் சரோஜா.

"உங்களுக்கு விளங்காது."

நாலு இருபதுக்கு விளக்கினேன். சரோஜா தன் கதிரையில் போய் உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இங்க தொறக்குதே."

மின்சாரம் வந்ததும் எனக்கு முந்தித் தன் கணினியை எழுப்பியவள் அவள். முதலில் எழும்பும் கணினிக்கு முதல் இலக்கம்; அதாவது என் இலக்கம், அவள் மடியில் விழுந்திருந்தது. முக்கால் மணித்தியாலமாக என் சாவடி அவளுக்குத்தான் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறது!

பதிவு இலக்கம், கடிதம், உப அதிபரின் கையெழுத்து, முத்திரை. மூவரும் மழையில் ஓடினோம். ஓடுகிறவனை மறிக்காமல் விடுவார்களா? என்னை மறித்தார்கள். நான் அட்டையைத் தேடித் தடவ, சரோஜா சிங்களத்தில் படபடவென்று பொரிந்து, என்னை அங்கேயே விட்டுவிட்டு அந்த அம்மாவுடன் ஓடினாள்.

நான் பொலிஸ் வாசலை அடைந்தபோது ஐந்து அடித்துவிட்டது. சிவா வெளியே நின்றான், இடுப்புப்பட்டி இல்லாத காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி. தாய் அழவில்லை. ஓர் அறை விட்டார். "கார்டு எங்கடா?" பிறகுதான் கட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் என் இலக்கத்தைச் சரோஜாவிடம் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. என்னையே கலியாணம் கட்டி இத்தனை வருடமாகியும் தரவில்லை. இன்றும் வெளியே போய் வந்து கதவைத் தட்டினால், மகள் உள்ளேயிருந்து கேட்பாள்:

"எந்த நம்பர்?"

சொல்வேன்.

"அது அம்மாவோட நம்பராச்சே. நில்லுங்க, கேட்டுட்டு வாறேன்."

மழையென்றாலும் நிற்கத்தான் வேண்டும்.