தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்

தமிழ்நாட்டில் இன்றுவரை தீராமல் கிடக்கும் அத்தனை பிரச்னைக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். யாரோ ஒருவர் நகல் போட மறந்துவிட்டார். இது என் கருத்தல்ல; எங்கள் எதிர்வீட்டு நகல் சாரின் கருத்து. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். கேபிள் டிவிக்காரர்கூட ரசீதில் 'நகல்' என்றே எழுதினார்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாமெல்லாம் குடத்தை எடுப்போம். அவர் பேனாவை எடுப்பார். மனு ஒருவருக்கு, நகல் ஏழெட்டுப் பேருக்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்' என்று முத்து முத்தாக எழுதுவார். கடைசி நகல் எப்போதும் அவருக்கே. பதிவுத் தபாலில் தனக்குத்தானே அனுப்பி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடுவார்.

"வாட்ஸப்ல ஒரு ஃபார்வர்டு போட்டா முடிஞ்சுதே சார்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஃபார்வர்டுன்றது வதந்தி, மனுதாரரே. நகல்ன்றது ஆதாரம்."

ஆமாம், என்னை அவர் 'மனுதாரரே' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பட்டம் எனக்கு வந்தது ஒரு மரத்தால்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், பெயர் சொன்னால் வருத்தப்படும் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு பேரூராட்சியில் எங்கள் வீடு. வீட்டு முன்னால் காம்பவுண்டுச் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரம். மனை வாங்கும்போது நிழலுக்கு மயங்கித்தான் வாங்கினோம். அப்போது அது நிமிர்ந்து நின்றது. பிறகு எங்கள் வீட்டின்மேல் அதற்குப் பாசம் பெருகி, வருஷத்துக்கு வருஷம் எங்களைக் கட்டிக்கொள்வதற்காகச் சாய்ந்துகொண்டே வந்தது. பாதி பட்டுப்போய், அடியில் பொந்து விழுந்து, மாடியில் என் மகள் படிக்கும் அறைக்கு நேர்மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. மகள் அப்போது பிளஸ் டூ. அவள் மேசையில் உட்கார்ந்து வேதியியல் படிப்பாள். நான் கீழே நின்று மரத்தின் இயற்பியலைப் படிப்பேன்.

மாலையானால் அது இலைகளை மடித்துக்கொண்டு தூங்கப் போய்விடும். நாங்கள்தான் விழித்திருப்போம்.

என் பயத்தைப் பற்றி நானே சொன்னால்தான் மரியாதை. என் மனைவி சுமதி சொன்னால் மானம் போய்விடும். வானிலை அறிக்கையில் 'லேசானது முதல் மிதமான மழை' என்றால், என் பயம் மிதமானது முதல் மிகக் கனமாகப் பொழியும். காற்று அடிக்கிற திசைக்குத் தக்கபடி கட்டில்களை அறை அறையாக இழுப்பேன். ஒருநாள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். "கண்ணாடியத் தூக்கிட்டாவது சாப்பிடுங்க, சட்னி ஒழுவுது" என்று மட்டும் சொல்லிவிட்டு சுமதி அடுத்த தோசையை ஊற்றப் போனாள்.

மரம் வெட்டுகிற ஏழுமலையைக் கூட்டி வந்தேன். அவன் மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், வூட்டு மேலயே படுக்கப் பார்க்குதே. ஆர்டர் கீதா?"

"என் வீட்டு மரத்துக்கு என்னப்பா ஆர்டர்?"

"பச்ச மரத்துல ஆர்டர் இல்லாம கை வெச்சேன்னா என்னியத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க சார். எனக்கு இன்னா, நீ சோறு கொண்டாந்து குடுப்பியா?"

இதை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு ஜோடிக் காது கேட்டுக்கொண்டிருந்தது. ஏழுமலை தெருமுனை திரும்புவதற்குள் நகல் சார் வெள்ளைத் தாளும் பேனாவுமாக எங்கள் கூடத்தில் இருந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நான் செத்துப்போவேனோ என்று பயந்துகொண்டிருந்த விஷயம், அவருக்குப் பேரன் பிறந்த மாதிரி இருந்தது.

"கவலப்படாதீங்க மனுதாரரே. இனிமே இது உங்க பிரச்ன இல்ல. அரசாங்கத்தோட பிரச்ன."

அன்றோடு அது தீராத பிரச்னையாகிவிட்டது.

மனு அற்புதமாக இருந்தது. 'மேற்படி பட்ட மரம் மேற்படி வீட்டின் மேற்படி மேற்கூரை மீது மேற்படி சாய்ந்துள்ளதால்' என்று படிக்கும்போதே மரம் விழுந்துவிடும்போல இருந்தது. ஒரே ஒரு சிக்கல். நகல் சாருக்கு ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு கொக்கி போடுகிற பழக்கம். 'பட்ட' என்று எழுதிவிட்டு அதன் பக்கத்திலும் அந்தக் கொக்கியைப் போட்டார். பேரூராட்சி அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா அதைத் துணைக்காலாகப் படித்தார். பட்ட மரம், 'பட்டா மரம்' ஆனது.

"பட்டா மேட்டரெல்லாம் இங்க எதுக்கு சார் கொண்டாறீங்க? தாலுகா ஆபீஸ் போங்க."

இப்படியாக எங்கள் மரம், கால் முளைத்துத் தாலுகா ஆபீசுக்கு நடந்தே போய்விட்டது.

இதற்கிடையில் நகல்களும் சும்மா இருக்கவில்லை. மின்வாரியத்துக்குப் போன நகலைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து, மரத்தை ஒன்றும் செய்யாமல், எங்கள் வீட்டு மின் இணைப்பு ஆபத்தான மரத்தின் அடியில் இருக்கிறது என்று எங்களையே கண்டித்துவிட்டுப் போனார். மனுவுக்கு உருக்கம் சேர்ப்பதற்காக 'மரத்தடியில் வாயில்லா ஜீவன்களும் இளைப்பாறுகின்றன' என்று நகல் சார் ஒரு வரி எழுதி, கால்நடை மருந்தகத்துக்கும் ஒரு நகல் தட்டிவிட்டிருந்தார். வேறு எவரும் எட்டிப் பார்க்காத நிலையில் கால்நடை டாக்டர் மட்டும் ஊசியோடு வந்து நின்றார்.

"மாடு எங்க?"

"மாடு இல்ல டாக்டர். நான்தான் இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஊசியை வீணாக்க வேண்டாமே என்கிற யோசனை தெரிந்தது.

கடைசியில் தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்தார். மரத்தை வெட்ட அல்ல, அளக்க. சங்கிலியைப் போட்டு இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார், பொந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், மரத்தோட அடி பூரா ரோட்டுப் புறம்போக்குல கீது. சாஞ்சி கீறது மட்டும்தான் உங்க எடம். காலு கவர்மெண்டு, தல உங்களுது."

நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். "வெட்டணும்னா?"

"வெட்டணும்னா கவர்மெண்டுது."

"விழுந்தா?"

"விழுந்தா உங்களுது."

சுமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நகல் சாரோ பூரித்துப் போனார். "பார்த்தீங்களா! அந்தக் கொக்கி போடலன்னா இந்த உண்ம வெளிய வந்திருக்குமா? இப்ப இது அரசு மரம். இன்னும் நாலு நகல் சேர்க்கணும்."

அரசு மரம் என்றால் ஒரு குழு கூடி முடிவெடுக்க வேண்டுமாம். "குழு எப்ப சார் கூடும்?" என்று அலுவலகத்தில் கேட்டேன். "கூடும்போது கூடும்" என்றார்கள். அதற்கு முன்னோட்டமாக ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். மரத்தடியில் நின்று குளிர்ந்த காற்றை அனுபவித்தபடி, "ஆபத்தான மரம்னு எழுதியிருக்கீங்களே, இதுக்கு முன்னாடி யார் மேலயாவது விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி ஆபத்துன்னு சொல்றீங்க?"

அன்றைக்கு நான் உடைந்துபோனேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மாடியில் மகள் ஏதோ சமன்பாட்டை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அந்தக் குரலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தளம் கான்கிரீட்டைத் தவிர வேறு தடுப்பு இல்லை. யாரிடம் போய் அழுவது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாரிடமும் ஏற்கெனவே நகல் இருந்தது.

"பேசாம இந்த மரத்த ரேஷன் கார்டுல சேர்த்துடுங்க. நம்ம கூடத்தான் இருக்கப்போவுது" என்றாள் சுமதி. சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் வங்கக் கடலில் அது உருவானது. முதலில் தாழ்வுப் பகுதி, பிறகு மண்டலம், பிறகு புயல். மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடக்கும் என்று டிவியில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொன்னார். மறுநாள் விடிந்தபோதே வானம் சாம்பல் பூசிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று மரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் விழுந்துவிடும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை விழாது என்று எனக்குள் ஒரு சித்தாந்தம் உருவாகியிருந்தது. பயம் முற்றினால் ஆள் இப்படித்தான் விஞ்ஞானியாவான்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பின்பக்கமாக மடங்கிப்போன குடையோடு நகல் சார் தெருவைக் கடந்து வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து எதையோ வைத்திருந்தார்.

"இன்னா மனுதாரரே, மழையில நின்னுகினு மரத்தப் பார்த்துகினு கீறீங்க? கெளம்புங்க."

"எங்க சார்?"

"என் வூட்டுக்கு. தங்கச்சி, பாப்பா, எல்லாரும்."

"வேணாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் இங்க இருந்து பார்த்துக்கறேன்."

"இன்னாத்தப் பார்ப்பீங்க? அது சாயும்போது கையில தாங்குவீங்களா?"

பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். உள்ளே பதிவுத் தபால் உறை. தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட கடைசி நகல். அவர் அதைப் பிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று பிரித்திருந்தார். மழைத்துளி பட்டு மை பரவத் தொடங்கிய அந்தத் தாளில் ஒரு வரியை விரலால் தட்டினார்.

"படிங்க."

"தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்."

"யாருக்குப் போட்டிருக்கு?"

"உங்களுக்கு."

"இத்தினி பேருக்குப் போட்டோம். ஒருத்தனாவது நடவடிக்க எடுத்தானா? எடுக்கல. எனக்கும் வந்திருக்கு இல்ல? நான் எடுக்கறேன். நடங்க."

குரலில் வழக்கமான மலர்ச்சி இல்லை. சுமதி என் சித்தாந்தத்தையெல்லாம் மதிக்காமல், மகளின் புத்தகங்களை இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு ஏற்கெனவே தெருவைக் கடந்துகொண்டிருந்தாள்.

மனைவி இறந்தபிறகு தனியாக இருந்த மனிதர். எங்களுக்காகப் பாய் விரித்து, ரவா உப்புமா கிளறி வைத்திருந்தார். உப்புமாவில் உப்பு இல்லை. யாருக்கும் மனு கொடுக்காமல் சாப்பிட்டோம்.

மத்தியானம் காற்று ஊளையிடத் தொடங்கியது. நான் அவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் ஒருமுறை பின்னால் போய், ஒருமுறை நிமிர்ந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எங்கள் வீட்டின் பக்கம் திரும்பியது. பிறகு கேட்ட சத்தத்தை எழுதுவதற்குத் தமிழில் எழுத்து இல்லை. மாடிச் சுவர் உள்ளே போயிற்று. என் மகளின் மேசை இருந்த இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உட்கார்ந்திருந்தது. கூடவே தெருப்பக்கம் நீண்டிருந்த ஒரு கிளை முறிந்து பறந்து வந்து, நகல் சாரின் இரும்பு கேட்டை நசுக்கிப் படுத்தது.

மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகல் சார் மெல்ல எட்டிப் பார்த்தார். அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார்.

"அசல் உங்களுக்கு, மனுதாரரே. எனக்கு நகல்."

சுமதிதான் முதலில் சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மழை விட்டதும் ஏழுமலை ரம்பத்தோடு வந்து, ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அறுக்கத் தொடங்கினான். "விழுந்துட்டா அது மரம் இல்ல சார், எடஞ்சலு. எடஞ்சலுக்கு ஆர்டர் வேணாம்" என்றான். இந்தச் சட்ட நுணுக்கம் முன்பே தெரிந்திருந்தால் நானே போய்ப் பிடித்துத் தள்ளியிருப்பேன். குழு இன்னும் கூடவில்லை. கூடும்போது கூடும்.

நகல் சார் இப்போது பொத்தேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே, பால்கனியில் ஒரு துளசித் தொட்டியைத் தவிர மரமே இல்லாத அடுக்குமாடி. அவர் போனபிறகு எங்கள் தெருவிளக்கு எரிவதில்லை. மனு எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மேலே பேரூராட்சி, கீழே வரிசையாக நகல்கள். கடைசி வரியில் பொத்தேரி முகவரி. எதிரே, தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.

மற்ற எவரிடமிருந்தும் பதில் வருவதில்லை. அவரிடமிருந்து மட்டும் தவறாமல் அஞ்சலட்டை வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் கொக்கி போட்ட அதே கையெழுத்து: 'தங்கள் நகல் கிடைக்கப்பெற்றது. எடுக்கப்பட்ட நடவடிக்கை: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறேன்.'

அவர் வருவார். சுமதி சாம்பாரில் உப்புப் பார்த்துப் போடுவாள். மகள், "இந்தத் தடவை என்ன நடவடிக்கை தாத்தா?" என்று வம்புக்கு இழுப்பாள். போகும்போது மரம் இருந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அது எரிந்துவிட்டால், அப்புறம் எதற்கென்று நான் மனு எழுதுவது?