சந்திரமண்டல அங்கிளின் சப்பாத்து

சிட்னித் தமிழர்களில் நிலாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் எங்கள் செவன் ஹில்ஸ் சந்திரமண்டல அங்கிள்தான். தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடியே, மனிதன் நிலாவில் இறங்கிய கதையைத் தொடங்குவார். கதை முடிவதற்குள் வெளியே எடுத்துவைத்த ஐஸ்கிரீம் பாயசமாகிவிடும்.

ஊரையே நம்பவைத்தவரால் மனைவியை, எங்கள் அன்ரியை, மட்டும் நம்பவைக்க முடியவில்லை. அன்ரிக்கு அந்தப் பயணமே சுத்தப் பொய், ஸ்டூடியோவில் எடுத்த படம். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்த மனிதர், கண் மூடுவதற்குள் இதில் மட்டும் ஜெயித்தே தீருவது என்று சபதம் எடுத்திருந்தார்.

விண்வெளி வீரர்கள் பயிற்சிக்கு வந்த விண்கல் பள்ளங்கள் நடு ஆஸ்திரேலியாவில், ஹென்பரியில் இருக்கின்றன. அங்கேயே கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை விமானம், பிறகு வாடகைக் கார், ஓட்டுவதற்கு நான். அன்ரி மேய்ஸ் ஹில் கோயில் முருகனிடம் சொல்லிவிட்டு, கட்லட் பொதியோடு வந்தார்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார் அன்ரி. "கல்லு உடைக்கிற இடம் மாதிரிக் கிடக்கு. இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று காருக்குத் திரும்பிவிட்டார்.

அங்கிளின் முகம் சுருங்கியது. ஆனாலும் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். வெயில் கொளுத்துகிறது, ஷூவைப் போடுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"சந்திரனுக்குப் போனவை நடந்து பழகின மண், தம்பி. கோயில் மாதிரி. சப்பாத்தோட மிதிக்கிறதே?"

கும்பிட்டுவிட்டு இறங்கினார். பாதி தூரம் பக்தியோடு நடந்தவர், பிறகு துள்ள ஆரம்பித்தார். இரண்டு கையையும் விரித்து, இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால். நிலாவில் நடந்தவர்களின் படத்தில் பார்த்த அதே துள்ளல். சிரிப்பதா, ஓடிப்போய்த் தூக்குவதா என்று நான் விழிக்கையில், காரிலிருந்து எப்போது வந்தாரோ, என்னை விலக்கிக்கொண்டு அன்ரி இறங்கினார். முழங்கால் வலியால் வீட்டு மாடிப்படியைக்கூட மிதிக்காதவர், கையில் அந்தச் சப்பாத்தோடு சரிவில் இறங்கிப் போனார்.

அங்கிளின் காலில் அதை மாட்டிவிட்டு, லேஸையும் கட்டிவிட்டார். அங்கிள் மூச்சு வாங்கியபடி, "இப்பவாவது நம்புறீரே?" என்றார்.

"ஓம், போயிருப்பினம். பின்னால சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு அவையின்ரை மனிசிமாரும் போயிருப்பினம். அதை மட்டும் படத்தில காட்டேல்லை."

அங்கிள் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே ஏறி வந்தார். அவர்கள் இருவரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.