ஸ்டூலுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

என் வீட்டுக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். எந்தச் சீட்டை நீட்டினாலும் முன்பக்கம் பார்ப்பார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், அப்புறம் ஆளைப் பார்ப்பார். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் பார்த்தாராம். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு காகிதத்தை மட்டும் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

புதன்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்கு எங்கள் ஹாலில் சபையின் வீட்டுக் குழு கூடும். ஞாயிறு ஆராதனையில் ஐந்நூறு பேர் இருப்போம். நான் வராவிட்டால் என் நாற்காலிக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக் குழு அப்படியில்லை. என்னோடு சேர்த்து ஒன்பது பேர். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, புரிந்ததை ஆளுக்கு நாலு வார்த்தை. பிறகு அந்த வாரத்துப் பாரத்தை ஒவ்வொருவராகச் சொல்வோம். அதுதான் ஜெபக் குறிப்பு. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தது அந்த எட்டுப் பேர்தான். இவரும் ருசித்துச் சாப்பிட்டார். ஆனால் புதன்கிழமை ஆறரை அடித்தால் டீ டம்ளரோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அவர் கோபமெல்லாம் சாய்வு நாற்காலியைப் பற்றித்தான். ஓய்வு பெற்ற அன்று ஆசையாக வாங்கியது. புதன்கிழமை அதில் முதுகுவலிக்கார டீச்சரம்மா உட்கார்ந்துவிடுவார்.

என் கவலை வேறு. ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து இவர் பேச்சையும் ரயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பிள்ளைகள் போன் செய்தால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். அதோடு சரி. மனுஷன் இப்படியே இறுகிப்போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அதனால் நாலு வருஷமாக என் ஜெபக் குறிப்பு மாறவேயில்லை. புதன்தோறும் ஹாலில் ஃப்ரிட்ஜ் ஓரத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு வைப்பேன். "ஆண்டவரே, இவரை இந்த ஸ்டூல்ல உட்கார வையும்." அவ்வளவுதான்.

போன மாதம் சபையில் குழு ஒழுங்குகள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தேன். தண்ணீர் எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னது இது? பன்னிரண்டு பேருக்கு மேல போனா குழு ரெண்டாப் பிரிஞ்சு, பழைய ஆளுங்க வேற வீட்டுக்குப் போகணுமா?"

"ஆமாங்க. வீட்டுல இடம் பத்தணுமே. எல்லாரும் மனசு விட்டுப் பேசணுமே."

"இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஒன்பது."

அவர் உதடு அசைந்தது. கூட்டல் கணக்கு.

அடுத்த புதன் வாசல் மணி அடித்தது. சலூன்காரர் நின்றார். பின்னால் டெய்லரும் அவர் மனைவியும். அவர்களுக்கும் பின்னால், காலை நடையில் இவரோடு வரும் நண்பர். மூச்சு விடாமல் பேசுவதால் தெருவே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடும். நாலு பேர். கச்சிதமாக நாலு பேர்.

"சார் கூப்பிட்டாரு, வந்தோம்" என்றார் சலூன்காரர்.

இவர் எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு நைசாகப் படுக்கையறைப் பக்கம் நழுவினார்.

"சார், எங்க போறீங்க? எங்களுக்கு இங்க உங்களத் தவிர யாரையும் தெரியாதே" என்றார் டெய்லர்.

"அஞ்சு நிமிஷம்" என்று இவர் உட்கார்ந்தார். காலியாக இருந்தது ஸ்டூல் ஒன்றுதான். நான் சமையலறைக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. கடைசியில் சலூன்காரர் தன் பாரத்தைச் சொன்னார்.

"கை நடுங்குதுங்க. ஆறு மாசமா. கத்தியப் பிடிச்சா எனக்கே பயமா இருக்கு. வர்றவங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல."

ரேடியோகூட அணைந்துவிட்டது. இவர் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெளியே போய்விட்டுத் தாடையில் பஞ்சோடு வந்தார்.

"என்னங்க, ரத்தம்?"

"ஷேவிங் பண்ணிக்கிட்டேன்."

"வீட்டுல நீங்களே பண்ணிப்பீங்களே."

"அவன்கிட்ட போனேன். நாளைக்கும் போவேன். அப்படியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நீ பஞ்சு வாங்கி வை."

அன்றைக்கு நான் முழங்காலில் நின்றபோது கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றி ஸ்தோத்திரம் மட்டும்தான் வந்தது.

மூன்றாவது புதன். குழுவை நடத்தும் மெக்கானிக் தம்பி தலைகளை எண்ணினார். "ஐயாவைச் சேக்காமலே பதிமூணு. பிரிச்சிட வேண்டியதுதான். நாங்க பழைய ஆளுங்க அடுத்த வாரத்திலேருந்து டீச்சரம்மா வீட்டுக்குப் போயிடறோம்."

இவர் முகத்தில் அறுபது வாட்ஸ் பல்பு எரிந்தது. "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒழுங்குன்னா ஒழுங்குதானே தம்பி."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. அப்ப இந்த வீட்டுக் குழுவ நீங்க நல்லா நடத்திடுவீங்க."

"எந்தக் குழு?"

"நீங்க கூட்டிட்டு வந்த நாலு பேரும்தான். தாள்ல போட்டிருக்கே."

"எந்தத் தாள்ல?" இவர் விறுவிறுவென்று போய் ஃப்ரிட்ஜில் இருந்த தாளை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். பின்பக்கத்தில் முதல் வரியே அதுதான்: புதியவர்களை அழைத்து வந்தவர் வீட்டிலேயே, அவர் பொறுப்பிலேயே புதுக் குழு கூடும்.

இந்த முறையும் கடைசியில் ஆளைப் பார்த்தார். என்னை.

"நீ இதப் படிச்சிருக்கியா?"

"ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேங்க."

"சொல்லவேயில்லையே."

"சீட்டுன்னா ரெண்டு பக்கமும் பாக்கறவர்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

முன்பக்கம் தெரிய ஒட்டியது தப்பா என்று ஆண்டவரிடமே கேட்டுவிட்டேன். எந்தத் தாளை ஒட்டினாலும் ஒரு பக்கம் மறையத்தானே செய்யும்?

இவர் சலூன்காரரைப் பார்த்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அவர் கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. "அடுத்த புதன் வரலாமா சார்?" என்று கேட்டார். இவர் தாளைக் கீழே வைத்தார்.

"வாங்க. ஆறரைக்கு. லேட்டா வந்தா ஃபைன்."

எல்லோரும் போன பிறகு மெதுவாக என்னிடம் வந்தார்.

"நீ இருப்பேல்ல?"

"நான் பழைய ஆளாச்சே. டீச்சரம்மா வீட்டுக்குப் போகணும். டீத்தூள் ரெண்டாவது டப்பாவுல இருக்கு."

"சரி போ. நாற்காலியாவது எனக்குக் கெடச்சுதே."

"அது நாளைக்கே டீச்சரம்மா வீட்டுக்குப் போயிடும்ங்க. அவங்களுக்கு முதுகுவலியாச்சே. மெக்கானிக் தம்பி வண்டி எடுத்துட்டு வர்றேன்னுட்டாரு."

"அப்ப நான் எதுலம்மா உட்காருவேன்?"

"ஸ்டூல்லதான். நாலு வருஷமா நான் கேட்டதே அதத்தானே. நாற்காலின்னு ஒரு நாளும் கேக்கலையே."